ஹோலிஸின் அளவுகள்

அலாஸ்கா, எண்ணெய்க்குழாய் முகாம்
1975 ஏப்ரல் 6

அன்பு மகள் கிளெண்டாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே என் உடம்பு நன்றாக இருக்கிறது, தேவைக்கு அதிகமாகவே நன்றாக இருக்கிறது. மூன்று வேளையும் கறி, கடைசியில் ஆப்பிள் பை என்கிற பலகாரம். உயரம் வளராமல் போனதற்கு அகலமாவது வளரட்டும் என்று விட்டுவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? இருமல் போயிற்றா? பேக்கர்ஸ்ஃபீல்டில் வெயில் ஆரம்பித்திருக்குமே.

எனக்குக் கொடுத்த குளிர் அங்கி தரையைக் கூட்டுகிறது. டெக்சஸிலிருந்து வந்திருக்கும் வெல்டர்கள் ஒவ்வொருவனும் கதவு உயரம். அவர்கள் நடுவில் நான் புல்டோசர்களுக்கு அடியில் உருண்டுபோய்ப் பழுது பார்க்கிறேன். ஜாக்கி போட வேண்டியதில்லை என்று மேஸ்திரிக்கு என் மேல் தனிப் பிரியம். பக்கத்துக் கட்டில்காரன் பெயர் ராய்ஸ். எனக்குக் குட்டை போல்ட்டு என்று பெயர் வைத்துவிட்டான். "உன்னைப் பனியில தொலைச்சிட்டா காந்தம் வெச்சுத்தான்யா தேடணும்" என்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பந்தயக் கார், கூப்பே, எப்படி இருக்கிறது? முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டு உலகத்தில் எத்தனையோ இருக்கலாம். கூரையை நானே நறுக்கித் தாழ்த்தி, தரையை நானே இறக்கி, பெரிய எஞ்சினை நானே உட்கார வைத்தது அது ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு முறை எஞ்சினை ஓட விடு. கொட்டகைச் சாவியை யாரிடமும் கொடுக்காதே. பாய்ட் கேட்டாலும் கொடுக்காதே. அவன் என் பழைய சிநேகிதன், அதனால்தான் சொல்கிறேன்.

நவம்பரில் எல் மிராஜ் வறண்ட ஏரியில் வருஷக் கடைசிப் பந்தயம். நீ ஓட்டுகிறாய், நான் ஓரத்தில் நின்று நகம் கடிக்கிறேன். அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டுதான் இங்கே பனியைத் தின்றுகொண்டிருக்கிறேன். அந்த இருக்கையில் உன்னைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது. நான்கூட உட்காருவதில்லை. உட்கார்ந்தால் எனக்கு ஸ்டீயரிங் மட்டும்தான் தெரியும், பாதை தெரியாது.

போன் பண்ணலாம் என்றால் இங்கே ஒரே போன். பின்னால் நிற்கிற கூட்டம் முழுக்க நம் பேச்சைக் கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்லும். ஆகவே கடிதம் எழுது.

உன் நலம் நாடும்
அப்பா ஆர்வில்


பேக்கர்ஸ்ஃபீல்ட்
1975 மே 18

அன்புள்ள அப்பாவுக்கு,

கிளெண்டா எழுதுகிறேன். நான் நலம். இருமல் எப்போதோ போய்விட்டது. உங்களுக்கு முதுகுவலி எப்படி? புல்டோசருக்கு அடியில் படுக்கும்போது சாக்காவது விரித்துக்கொள்கிறீர்களா? பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். பட்டறையில் வேலை. லாரி கியர்பாக்ஸ்களாக வந்து குவிந்துவிட்டன.

கூப்பே நன்றாக இருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் ரொம்ப உயரம். அவரிடமும் நம்முடையதைப் போலவே வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார், ஹாட் ராட், ஒன்று இருக்கிறது. உள்ளே காலை நீட்ட இடமே இல்லை என்கிறார். உயரமான ஓட்டுநருக்கு அந்த மாதிரி வண்டியில் இடம் பண்ண என்னென்ன வழி இருக்கிறது? வெளியே பார்த்தால் வண்டியின் வடிவம் மாறக் கூடாது. நீங்கள் செய்து பார்த்தது, பிறர் செய்து கெடுத்தது எல்லாவற்றையும் விவரமாக எழுதினால் அவருக்கு உதவியாக இருக்கும். படம் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.

போன் பண்ண வேண்டாம். நான் எப்போது வீட்டில் இருப்பேன் என்று சொல்ல முடியவில்லை.

அன்புடன்
கிளெண்டா


அலாஸ்கா
1975 ஜூன் 1

அன்பு மகளுக்கு,

நான் சௌக்கியம். முதுகு அப்படியேதான் இருக்கிறது, சாக்கு விரிக்கிறேன். நீ சௌக்கியம் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன்.

கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கூப்பேயைப் பற்றி ஒரே வரி. அந்த உயரமான ஒருவரைப் பற்றி ஒரு பத்தி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறாய் என்று பார்க்கத் தெரியும். நம் ஊரில் அந்த மாதிரி வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். எல்லாரும் நடுத்தர உயரம். அந்த நடுத்தரத்திலும் நான் கீழ்த்தரம். இவர் எங்கிருந்து முளைத்தார்?

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். முதலில் பஞ்சு இருக்கையைக் கழற்றி எறிய வேண்டும். பழைய விமானத்து அலுமினிய இருக்கை ஒன்றை நேரே தரையில் உட்கார வைத்தால் ஆள் ஒரு கை அளவு தாழ்ந்து போவார். முதுகுக்குப் பின்னால் இருக்கிற தகட்டை வெட்டி, சாமான் பெட்டியிலிருந்து கொஞ்சம் இடத்தைத் திருடி, இருக்கையைப் பின்னால் தள்ளலாம். திருடுவது என்பது எங்கள் தொழிலில் சாதாரணமாகப் புழங்கும் வார்த்தை, வேறு அர்த்தத்தில் எழுதவில்லை. ஸ்டீயரிங் தண்டை இறக்கிச் சின்னச் சக்கரம் போட்டால் தொடைக்கு இடம் வரும். தரையிலிருந்து முளைக்கிற பெடல்களை எடுத்துவிட்டு மேலிருந்து தொங்குகிற பெடல்களை வைத்தால் குதிகாலுக்கு இடம் வரும். படம் போட்டிருக்கிறேன். அதில் ஆள் தவளை மாதிரி இருந்தால் என் கையைத்தான் குறை சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் புரியவில்லை. நறுக்கிய கூரைக்குள் நுழைகிற உயரமான மனுஷன் முதலில் கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் முனகுவான். கால் நினைப்பு அப்புறம்தான் வரும். உன் ஆள் தலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே. தலை இல்லாதவரா?

பெயர் என்ன? வேலை என்ன? கல்யாணம் ஆனவரா? இது மூன்றுக்கும் பதில் எழுது. மூன்றாவதற்கு முதலில் எழுது.

உன் அப்பா


பேக்கர்ஸ்ஃபீல்ட்
1975 ஜூன் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கும் நலமாக இருக்க வேண்டும். இங்கே வெயிலில் எண்ணெய்க் கிணற்றுப் பம்புகள்கூடச் சோம்பலாகத்தான் தலையாட்டுகின்றன. பீன்ஸும் சோள ரொட்டியும் சமைத்தேன், அடி பிடிக்காமல் வந்தது. அம்மா இருந்தபோது செய்த மாதிரி இல்லை.

பெயர் ஹோலிஸ். கல்யாணம் ஆகவில்லை. வேலை இப்போதைக்கு இல்லை. தலை இருக்கிறது. கூரை அவருக்குச் சரியாகத்தான் இருக்கிறது, சாய்ந்து உட்காருவார்.

நீங்கள் எழுதியபடி அலுமினிய இருக்கை போட்டாயிற்று, பின்னாலும் தள்ளியாயிற்று. இன்னும் போதவில்லை. இடது பக்கம் மட்டும் கால் வைக்கிற இடத்தை முன்னால் நீட்ட முடியுமா? எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் இருக்கிற தடுப்புத் தகட்டை அந்தப் பக்கம் வெட்டி, நீளப் பெட்டி ஒன்றைப் பற்றவைக்கலாம் என்று பார்க்கிறேன். ஸ்டீயரிங் பெட்டி குறுக்கே நிற்கிறது. புகைக்குழாய் அந்த இடத்தில்தான் வளைகிறது, கால் வெந்துவிடும். குழாயை மாற்றுவதா, பெட்டியை வளைப்பதா?

வலது பக்கம் சரியாக இருக்கிறது. அங்கே ஒன்றும் வேண்டாம்.

அன்புடன்
கிளெண்டா


அலாஸ்கா
1975 ஜூலை 13

கிளெண்டாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடுவாய் என்று நினைக்கிறேன்.

ஒரு உயரமான மனுஷனுக்கு ரெண்டு காலும்தான் நீளமாக இருக்கும். இடது பக்கம் மட்டும் இடம் கேட்கிற ஆளை நான் பார்த்ததில்லை. யோசித்தேன். காலுக்காக இல்லை, வேறு எதையோ வைப்பதற்காக அந்தப் பெட்டி என்று தோன்றியது. தண்ணீர்த் தொட்டியா, ரெண்டாவது எண்ணெய்த் தொட்டியா? ஆக, ஒரு ஆள் வண்டியைத் தனக்குத் தோதாக மாற்றிக்கொண்டிருக்கிறான். "பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். ஹோலிஸ் பார்க்கிறார் என்று எழுதவில்லை.

கொசுக்கடியில் போன் வரிசையில் நின்று பாய்டைக் கூப்பிட்டேன். கொட்டகையைப் பார்த்துவர அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன். பின்னால் ஒரு பட்டாளமே காது கொடுத்துக் கேட்டது.

"என் கொட்டகைப் பக்கம் போனியா?" என்றேன்.

"போனேன். உள்பக்கம் தாழ் போட்டிருக்கு. கிரைண்டர் சத்தம் கேக்குது. தட்டினா, அப்புறம் வாங்க மாமான்னு உள்ளேயிருந்தே குரல் வருது. உன் பொண்ணு எழுந்து வரவே இல்ல ஆர்வில். எப்பவும் காப்பி குடுப்பா."

"உள்ள யாரு இருக்கா?"

"இடுக்கு வழியா பாத்தேன். தப்புதான், நீதான் பாக்கச் சொன்ன. வண்டிக்குப் பின்னாலேர்ந்து ஒரு காலு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பூட்ஸ் போட்ட காலு. விறைப்பா, தரையோட தரையா. நீளமான காலுய்யா."

"ஒரு காலா, ரெண்டா?"

"நான் பாத்தது ஒண்ணு. இன்னொண்ணு அவன்கிட்டதான் இருக்கும்."

பின்னால் நின்ற வெல்டர் ஒருவன், "மாப்பிள்ளை வந்தாச்சு, வைச்சிடு போனை" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது.

நேராகக் கேட்கிறேன். நீ வெட்டிக்கொண்டிருப்பது என் கூப்பேயைத்தானே? அந்த ஆளுக்கு விற்கப் போகிறாயா? அந்த ஆளைக் கட்டிக்கொள்ளப் போகிறாயா? ரெண்டாவது என்றால் அதை முதலில் சொல்லியிருக்கலாம். எனக்குக் கழுத்து வலித்தாலும் நிமிர்ந்து பார்த்து வாழ்த்தியிருப்பேன்.

உண்மை என்ன என்று எழுத மனமில்லாவிட்டால் போகட்டும். ஹோலிஸின் அளவை அனுப்பு. சுவரோடு ஒட்டித் தரையில் உட்கார வைத்து எடு. இருக்கை முதல் உச்சந்தலை வரை, இடுப்பு முதல் முழங்கால் வரை, முழங்கால் முதல் குதிகால் வரை. ரெண்டு காலுக்கும் தனித்தனியாக. அளவு தெரியாமல் அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். தெரியாத ஆளுக்காக வெட்டின தகட்டை ஒட்ட முடியாது.

அப்பா


பேக்கர்ஸ்ஃபீல்ட்
1975 ஆகஸ்ட் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. பாய்ட் மாமாவை ஒற்றராக வைத்திருப்பதும் தெரிந்தது. அடுத்த முறை இடுக்கு வழியே பார்க்கும்போது சட்டையைக் கதவில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். கிழிந்த துண்டு இங்கே இருக்கிறது.

ஆமாம், கூப்பேதான். உங்களைக் கேட்காமல் வெட்டினேன். விற்கவில்லை. விற்க மாட்டேன். யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை. நவம்பரில் ஹோலிஸ் ஓட்டுவார். நான் இல்லை. அதற்கு மேல் இப்போது கேட்காதீர்கள்.

அளவுகள், அங்குலத்தில்:

இருக்கை முதல் உச்சந்தலை வரை முப்பத்து மூன்று.
வலது கால், இடுப்பு முதல் முழங்கால் வரை இருபத்திரண்டு. முழங்கால் முதல் குதிகால் வரை இருபது.
இடது கால், இடுப்பு முதல் குதிகால் வரை நாற்பத்தொன்று.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளெண்டா


அலாஸ்கா
1975 செப்டம்பர் 7

என் அன்பு மகளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை சும்மா வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

பதில் தாமதமானது என் தப்பு. உன் கடிதம் வந்ததும் உட்கார்ந்து, நவம்பரில் வேறு ஆளா என்று ஒரு பெரிய கடிதம் எழுதினேன். அதில் நான் ரொம்ப உயரமான அப்பாவாக இருந்தேன். அனுப்பவில்லை. அடுத்த வாரம் வேலை குறைவாக இருந்த ஒரு மத்தியானம், உன் ஹோலிஸைப் பார்த்துவிடலாம் என்று பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் வரைந்தேன். எப்பேர்ப்பட்ட ராட்சசன் என் வண்டியில் உட்காரப் போகிறான் என்று தெரிய வேண்டாமா? நீ அனுப்பிய அளவுப்படியே வரைந்தேன். ராய்ஸ் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"குட்டை போல்ட்டு, யாருய்யா இது?"

"என் வண்டியை அபகரிக்க வந்தவன். உயரமானவன்."

"இதுல எந்தப் பக்கம் உயரம்? என் மச்சினி இதைவிட ஒசரம்."

"அளவு வந்தபடி போட்டிருக்கேன்."

"இடது கால்ல முழங்காலை விட்டுட்டியே."

"விடல. வலது காலுக்கு ரெண்டு அளவு வந்துச்சு. இடது காலுக்கு ஒண்ணுதான் வந்துச்சு."

"எழுதினவங்க மறந்திருப்பாங்க."

"அவ அளவு எடுத்தா மறக்க மாட்டா ராய்ஸ்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

ராய்ஸ் சுண்ணக்கட்டிக் கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனான். நான் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு டீசல் துணியால் துடைத்தேன். அந்த இடத்தில் வேறு யாரும் கால் வைப்பதற்கு முன்னால் துடைத்தேன்.

ஹோலிஸுக்கு என் வணக்கத்தைச் சொல். அவருக்குச் சில யோசனைகள். புகைக்குழாயை மாற்று, பெட்டியை வளைக்காதே. மடங்காத காலுக்கு நேரான இடம்தான் வேண்டும், வளைந்த இடத்தில் ஓய்வு கிடைக்காது. பெட்டிக்குள் கல்நார் வைத்து அதன் மேல் தகடு போடு. கிளட்சை இடது காலால் மிதிக்க வேண்டாம். கியர்க் கம்பியிலேயே ஒரு கைப்பிடி வைத்துக் கம்பிவடத்தால் இழுக்கலாம், மோட்டார் சைக்கிளில் இருக்கிற மாதிரி. வண்டி குலுங்கும்போது கால் துள்ளாமல் இருக்க, குதிகாலுக்கு மேல் ஒரு பட்டை போடு, ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி. இன்னும் வலி இருக்குமானால் அவர் அவசரப்பட வேண்டாம்.

ஒரே ஒரு கேள்வி. ஏரியில் பரிசோதகர் ஹெல்மெட்டு, பட்டை எல்லாம் மாட்டி உட்கார வைத்துவிட்டு, "இறங்கு" என்பார் என்று உனக்குத் தெரியும். வண்டி பற்றி எரிந்தால் ஓட்டுநர் தானே வெளியே வர வேண்டும். யாரும் கை கொடுக்கக் கூடாது. ஹோலிஸால் தானாக இறங்க முடிகிறதா?

இதற்கு மட்டும் பதில் எழுது. மற்றது எதுவானாலும் உனக்கு எப்போது எழுதத் தோன்றுகிறதோ அப்போது எழுது.

உன் அப்பா


பேக்கர்ஸ்ஃபீல்ட்
1975 செப்டம்பர் 28

அன்புள்ள அப்பா,

ஹோலிஸால் இன்னும் இறங்க முடியவில்லை. பரிசோதகர் தருகிற நேரம் போதவில்லை. கால் கதவில் இடிக்கிறது.

ஹோலிஸ் என்று யாரும் இல்லை. அது உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. நான் நலமா என்ற கேள்விக்கு முதல் தடவையாக உண்மையான பதில் எழுதுகிறேன். இப்போது நலம். ஏப்ரல் கடைசியில் இல்லை. ஒரு லாரி கியர்பாக்ஸ், ஜாக்கியிலிருந்து நழுவி என் இடது முழங்காலில் விழுந்தது. சங்கிலி போட்டிருக்க வேண்டும், போடவில்லை. நீங்கள் எத்தனையோ முறை சொன்னது. முழங்காலைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர்கள் எலும்பை நேராக வைத்துச் சேர்த்துவிட்டார்கள். இனி மடங்காது. நடக்கிறேன். கம்பு வைத்துக்கொண்டு, இப்போது கம்பு இல்லாமலும். பாய்ட் மாமா பார்த்த கால் என்னுடையதுதான். தரையில் உட்கார்ந்து வேலை செய்தால் அது அப்படித்தான் நீட்டிக்கொண்டிருக்கும். எழுந்து கதவைத் திறக்க நேரமாகும், அதற்குள் அவர் பார்த்துவிடுவார் என்றுதான் திறக்கவில்லை. போனில் என் குரலைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் போன் வேண்டாம் என்றேன்.

சொல்லியிருந்தால் நீங்கள் அன்றைக்கே வந்திருப்பீர்கள். வந்து, என்னைத் தாங்கிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்திருப்பீர்கள். கூப்பேயின் மேல் துணியைப் போட்டு மூடியிருப்பீர்கள். அது இனி கிளெண்டா ஓட்டுகிற வண்டி இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்பீர்கள், என்னை யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. எல்லாம் அன்பாகத்தான். அந்த அன்புக்குப் பயந்துகொண்டுதான் ஓர் ஆளை உண்டாக்கினேன். உயரமான ஆளுக்கு இடம் கேட்டால் நீங்கள் வழி சொல்வீர்கள். எனக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள்.

பொய் அளவு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கை வரவில்லை. நீங்கள் அதை நம்பித் தகட்டை வெட்டச் சொல்வீர்கள், அப்புறம் அதில் நான்தான் உட்கார வேண்டும்.

கோபப்படுங்கள். கிளட்ச்சுக்கு நீங்கள் சொன்ன கைப்பிடி அருமையாக வேலை செய்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். பந்தயம் முடிகிற வரைக்கும் வராதீர்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் நான் விழுந்துவிடுவேன் என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கும்.

கிளெண்டா


அலாஸ்கா
1975 அக்டோபர் 12

என் கிளெண்டாவுக்கு,

நான் சௌக்கியம் என்று எழுதினால் இந்த முறை பொய் சொல்வது நானாக இருக்கும்.

உன் கடிதத்தைப் படித்ததும் பெட்டியைக் கட்டினேன். அதை மறைக்கவில்லை. மேஸ்திரியிடம் வயிற்றுவலி என்றேன். ராய்ஸ்தான் லாரியில் விமானத் திடலுக்குக் கூட்டிப் போனான். வழியெல்லாம் நீ என்னை நம்பவில்லையே என்று புலம்பிக்கொண்டு போனேன். பெற்ற பெண்ணை ஒற்றன் வைத்துப் பார்த்தவன் நம்பிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனான். ராய்ஸ் பொறுமையாகக் கேட்டான்.

திடலில் வண்டியை நிறுத்திவிட்டு, "போய் என்ன பண்ணப் போற?" என்றான்.

"கூட இருப்பேன்."

"கூட இருந்து?"

"கை குடுப்பேன்யா. அப்பன் வேற என்ன பண்ணுவான்?"

"கை குடுத்தா அந்தப் பரிசோதகர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிடுவார்னு நீதானே சொன்ன?"

விமானம் வந்தது. டெக்சஸ்காரர்கள் ஏறினார்கள். நான் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். அதன் மேல் உட்கார்ந்தால் எனக்குக் கால் தரையில் படாது, ஆகவே பார்க்கிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போக மறுக்கிற பையன் மாதிரி இருந்திருப்பேன். விமானம் போயிற்று. ராய்ஸ் பெட்டியைத் தூக்கி லாரியில் வைத்தான்.

நீ சொன்னது எல்லாம் சரி. துணியைப் போட்டு மூடியிருப்பேன். ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன். பாய்ட் கூட்டிக்கொண்டு வந்தாலும் உன்னைக் கொட்டகைக்குள் விட்டிருக்க மாட்டேன். உனக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்றுதான் இப்போது எனக்குச் சந்தேகம்.

இருக்கிற சந்தேகங்களையும் எழுதிவிடுகிறேன், வைத்துக்கொண்டிருந்தால் தூக்கம் வராது. கம்பு இல்லாமல் நடக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை. வலி இருக்கிறதா என்று ஹோலிஸைக் கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை. கால் கதவில் இடிக்கிறது என்கிறாய், எந்த இடத்தில் என்று சொல்லவில்லை. நம் கூப்பேயின் கதவுக்குக் கீல் பின்பக்கம், திறப்பது முன்பக்கம். அதனால் காலை முதலில் வெளியே விட்டு, இருக்கையின் விளிம்பில் புரண்டு, கையால் கூரையைப் பிடித்து எழு. கால் சொல்வதைக் கை கேட்கக் கூடாது, கை இழுக்கிற பக்கம் கால் வர வேண்டும். நான் இதை ராய்ஸின் கட்டிலில் ஒத்திகை பார்த்தேன். கட்டில் உடைந்தது.

பந்தயம் முடிகிற வரைக்கும் வர மாட்டேன். இது என் கையெழுத்து.

அப்பா ஆர்வில்


பேக்கர்ஸ்ஃபீல்ட்
1975 நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். வலி இருக்கிறது, குளிர் காலையில் அதிகம். ஏரியில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடக்க முடியாது, கூப்பேயிலிருந்து காப்பி வண்டிவரை முடியும். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். ராய்ஸ் அவர்களுக்குப் புதுக் கட்டில் கிடைத்ததா?

பரிசோதகர் வயதானவர். என்னைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "யாரும்மா ஓட்டறது?" என்றார். நான்தான் என்றேன். நம்பவில்லை. விஷயத்தைச் சொல்லி நான் கூட்டிப்போயிருந்த பாய்ட் மாமாவைப் பார்த்துக் கேட்டார். மாமா, "அவதான் சொல்றாளே, என்னை ஏன் பாக்கறீங்க?" என்றார்.

பட்டை மாட்டி, ஹெல்மெட்டு மாட்டி, "இறங்கு" என்றார். இறங்கினேன். பூட்ஸின் குதிகால் கதவுக்குக் கீழே இருக்கிற மடிப்பு விளிம்பில் மாட்டியது. கூரையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றேன். பாய்ட் மாமா கையை நீட்டிவிட்டுச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார். பரிசோதகர் தலையசைத்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவை பாக்கறேன். அதுவும் இப்படின்னா வண்டியை ஏத்திக்கிட்டு வீட்டுக்குப் போ" என்றார்.

அந்த விளிம்பு உங்கள் கைவேலை. ஒரு வெல்டு தெரியாமல், ஒரு சுத்தியல் தடம் தெரியாமல் நீங்கள் மடித்தது. ஊரில் எல்லாரும் குனிந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ரம்பத்தை எடுத்து அறுத்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் உங்களைக் கேட்டிருப்பேன். நீங்கள் யோசித்திருப்பீர்கள், நான் உங்கள் முகத்தைப் பார்த்திருப்பேன், சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும். முனையை அரத்தால் தேய்த்தேன். பாய்ட் மாமா வேறு பக்கம் திரும்பி நின்றார்.

ரெண்டாவது முறை கால் தடையில்லாமல் வந்தது. பரிசோதகர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை" என்றார். சந்தேகப் பிராணி, உங்களுக்குப் பிடித்திருக்கும். மறுபடியும் ஏறி, மறுபடியும் இறங்கினேன். கையெழுத்துப் போட்டார்.

வேகம் ஒன்றும் பெரிதில்லை. எங்கள் பிரிவில் கடைசிக்கு முந்தினது. ஏரி முடிகிற இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு, தூசி அடங்குகிற வரைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நல்ல இடம் அப்பா. எனக்குச் சரியாக இருக்கிறது.

இப்போது வாருங்கள். விமான நிலையத்துக்கு நானே கூப்பேயை ஓட்டிக்கொண்டு வருகிறேன். நான் வண்டியிலிருந்து இறங்கி உங்களிடம் நடந்து வருவேன். கொஞ்சம் நேரமாகும். அதுவரை நீங்கள் நிற்கிற இடத்திலேயே நில்லுங்கள்.

கிளெண்டா